உற்சவர் பெயரில் ஓர் ஓட்டு

வாக்காளர் பட்டியலிலிருந்து என் மனைவியை ஒரு தடவை நீக்கிவிட்டார்கள். இறந்தவர்களின் பெயர்களை எடுக்கிறோம் என்று கிளம்பியவர்கள், அடுக்களையில் நின்று ரசம் தாளித்துக்கொண்டிருந்தவளை எடுத்துவிட்டு, எதிர்வீட்டில் எப்போதோ காலமாகிவிட்ட பெரியவரை அப்படியே விட்டிருந்தார்கள். அதற்குப் பின் வந்த தேர்தலில் அந்தப் பெரியவர் ஓட்டும் போட்டார் என்று கேள்வி. என் மனைவி போடவில்லை. சாவடி வரை வந்து, உங்கள் பெயர் இல்லை என்று சொல்லக் கேட்டுக்கொண்டு, திரும்பி நடந்தாள். எனக்குத்தான் ரத்த அழுத்தம் ஏறிற்று.

நான் கணக்குத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. பஸ்ஸில் ஏறினால் நிற்கிறவர்களை எண்ணுவேன். கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் போட்ட இலைகளை எண்ணுவேன். எங்கள் வீட்டில் இரண்டு ஓட்டு என்று எண்ணி வைத்திருந்ததில் ஒன்றைக் காணோம் என்றால் விட்டுவிடுவேனா? மனு எழுதினேன். பதில் இல்லை. மறுபடியும் எழுதினேன். நேரில் போய் நின்றேன். அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்தவர், "உங்க மிஸஸோட ஒரு ஓட்டாலயா சார் கவர்மெண்ட் மாறப் போவுது?" என்று கேட்டார். "மாறாதுதான். அதைச் சொல்வதற்கு உமக்குச் சம்பளம் தரவில்லை" என்றேன். பக்கத்து மேஜைக்காரர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பார்க்கட்டும்.

கடைசியில் வீட்டுக்கு வந்து விசாரிக்க ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை அனுப்பினார்கள். அன்றைக்குப் பார்த்து நான் கண் டாக்டரிடம் போயிருந்தேன். திரும்பி வந்து, "எல்லாம் சரியாச் சொன்னியா?" என்று கேட்டேன். "சொல்ல வேண்டியதெல்லாம் சொன்னேன்" என்றாள். புதுப் பட்டியலை ஒட்டியிருந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். அச்சு மங்கலாக இருந்தது, என் கண்ணிலோ புரை. கிட்டத்தில் போய், தள்ளி நின்று, கண்ணாடியைத் தூக்கி, இறக்கி, எப்படியோ அவள் பெயரைக் கண்டுபிடித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் பக்கத்துக் கட்டத்தைப் பார்க்கவில்லை.

மயிலாப்பூருக்கும் மந்தைவெளிக்கும் இடையே உள்ள எங்கள் தெரு அப்போது இரண்டாகப் பிளந்து கிடந்தது. தொண்ணூறுகளில் வந்த பாராளுமன்றத் தேர்தல்களில் அது ஒன்று. டெல்லியில் யார் உட்காருவது என்பதற்கான தேர்தல்தான். ஆனால் எங்கள் தெருவில் டெல்லியைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்தக் கட்சியா அந்தக் கட்சியா, அவ்வளவுதான் பேச்சு. ஒரு பக்கம் பதினேழு கொடி, எதிர்ப்பக்கம் பதினாறு. மறுநாள் எதிர்ப்பக்கத்தில் பத்தொன்பது ஆகிவிடும். ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிற அண்ணன் தம்பி இருவர், மாடிக்கு ஒரு கொடியும் கீழே ஒரு கொடியுமாகக் கட்டிவிட்டு, குடத்தை வைக்கிற இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எங்கள் காம்பவுண்டுச் சுவரில் ஒரு கட்சி சுண்ணாம்பு பூசி, 'இந்தச் சுவர் எங்களுக்கு' என்று எழுதிவிட்டுப் போனது. அடுத்த கட்சி அதை அழித்துத் தன் பெயரை எழுதிற்று. நான் இரண்டையும் அழித்துவிட்டு, 'இந்தச் சுவர் என்னுடையது' என்று கரியால் எழுதினேன். இரண்டு கட்சிக்காரர்களும் அதைப் படித்துச் சிரித்தார்களாம். ஆனால் அதற்குப் பின் யாரும் தூரிகையோடு வரவில்லை.

தெருமுனை சைக்கிள் கடைக்காரர் ஒரு கட்சியின் ஏஜெண்ட். மந்தைவெளியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர் இன்னொரு கட்சியின் ஏஜெண்ட். ஏஜெண்ட் என்றால் சாவடிக்குள் பட்டியலோடு உட்கார்ந்து, வருகிறவர் உண்மையான வாக்காளர்தானா என்று பார்க்கிறவர். தேர்தலுக்கு முன்னால் இருவரும் தனித்தனியாக எங்கள் வாசலுக்கு வந்தார்கள். சைக்கிள் கடைக்காரர் வந்தபோது, என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"சார், உங்க வூட்ல ரெண்டு ஓட்டு கீது. நம்ம சின்னத்த மறந்துடாதீங்க. மாமி, உங்களுக்குந்தான் சொல்றேன், கும்பிட்டுக்கிறேன்" என்றார்.

"எங்கள் வீட்டு ஓட்டு இரண்டும் உனக்குக் கிடையாது" என்றேன்.

"இன்னா சார், மூஞ்சிக்கு நேரா சொல்ட்டீங்க?"

"முதுகுக்குப் பின்னால் சொல்ல எனக்குத் தெரியாது."

குமாஸ்தாவிடமும் இதையே சொன்னேன். நான் போடுவதாக இருந்தது ஒரு சுயேச்சைக்கு. நேர்மையான மனுஷர். தோற்கப் போகிறவர் என்று அவருக்கே தெரியும். தோற்கிறவருக்கு எத்தனை பேர் போட்டார்கள் என்பதும் ஒரு கணக்குத்தானே? அந்தக் கணக்கில் என் வீட்டிலிருந்து இரண்டு இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

ஓட்டுச்சாவடி ஒரு மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில். இரண்டு மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றிற்று, அதுவும் அதிகாரிகளின் தலைக்கு மேல். ஆண்கள் வரிசையில் இருபத்து மூன்று பேர், பெண்கள் வரிசையில் இருபத்திரண்டு. நாற்காலி ஒன்றுகூட இல்லை. முதியவர்களுக்கு ஒரு பெஞ்சு போட்டால் என்ன என்று கேட்டேன். போலீஸ்காரர், "பெஞ்செல்லாம் உள்ள ஓட்டுப் போடற மறைப்பு வைக்க எடுத்துட்டாங்க பெரியவரே" என்றார். ஆண் ஒருவர், பெண் ஒருவர் என்று மாற்றி மாற்றி உள்ளே விட்டார்கள். என் மனைவி உள்ளே போனபோது, நான் அறை வாசல்படியில் அடுத்த ஆளாக நின்றேன். உள்ளே நடப்பது அத்தனையும் எனக்குத் தெரிந்தது.

முதல் அதிகாரி அவள் சீட்டைப் பார்த்துப் பெயரை உரக்க வாசித்தார். ஏஜெண்டுகள் தங்கள் பட்டியலில் தேடினார்கள். சைக்கிள் கடைக்காரர் விரலைத் தாளில் வைத்தபடியே எழுந்தார்.

"சார், ஒரு நிமிஷம். அப்ஜெக்ஷன்."

பிரிசைடிங் ஆபீசர், அதாவது சாவடிக்குத் தலைவர், ஏதோ கல்லூரியில் பாடம் நடத்துகிறவர் போலத் தெரிந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னங்க?" என்றார்.

"இந்த டோர் நம்பர்ல ஆம்பள பேரு ஒண்ணு கீது. இவங்களுக்குப் புருசன் பேரு வேற ஒண்ணு போட்டுக்கீது. காத்தாலேர்ந்து கள்ள ஓட்டா வந்துகினு கீது சார். கேளுங்க, இவங்க புருசன் பேரு இன்னான்னு."

அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். "அம்மா, உங்க கணவர் பேரைச் சொல்லுங்க."

"சொல்லமாட்டேன்" என்றாள் என் மனைவி.

கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பெயரை வாயால் சொன்னதில்லை. கூப்பிட 'ஏன்னா', மற்றவர்களிடம் 'ஆத்துக்காரர்'. பாங்கிலும் ஆஸ்பத்திரியிலும் காகிதம் கேட்டு வாங்கி எழுதிக் கொடுப்பாள். இதெல்லாம் மூடப்பழக்கம், உலகம் எங்கேயோ போய்விட்டது என்று ஒரு தடவை நீளமாகப் பேசிப் பார்த்தேன். "பேர் உங்களோடது. வாய் என்னோடது" என்று முடித்துவிட்டாள்.

"சொல்லலைன்னா எப்படிம்மா?" என்றார் அதிகாரி.

"பேப்பர் குடுங்கோ, எழுதறேன்."

கொடுத்தார். எழுதினாள். அவர் அதை வாங்கிப் பட்டியலோடு வைத்துப் பார்த்தார். முகம் மாறிற்று. மறுபடியும் பார்த்தார்.

"பாத்தீங்களா சார்?" என்றார் சைக்கிள் கடைக்காரர். "நான் சொல்லல?"

குமாஸ்தாவும் எழுந்து, "எங்களுக்கும் ஆட்சேபம் உண்டு சார். பெயர் ஒத்துவரலையே" என்றார். அந்தத் தேர்தல் முழுவதும் ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகளும், என் மனைவி என் மனைவி இல்லை என்பதில் ஒத்துப்போயின.

நான் வாசல்படியிலிருந்தே கத்தினேன். "அவள் எழுதினது என் பெயர்தான் சார்! நான்தான் அவள் புருஷன்! அச்சுப் பிழைக்காக ஒருத்தர் ஓட்டைத் தடுக்க உங்களுக்கு அதிகாரம் கிடையாது!"

"சார், வரிசையில நில்லுங்க. நீங்க சொல்றதை வச்சு நான் என்ன பண்றது? உங்க பேர் இவங்களுக்கு நேரா இல்லையே."

"இல்லாதது யார் தப்பு?"

"நீங்க சும்மா இருங்கோ" என்றாள் என் மனைவி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அதிகாரி நல்ல மனிதர். வெளியே வரிசை வளர்ந்துகொண்டிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, இங்க அச்சாகி இருக்கற பேரைக் காட்டறேன். ஆமான்னு தலையை மட்டும் ஆட்டுங்க. ஓட்டுச்சீட்டைக் குடுத்துடறேன்" என்று சொல்லி, மற்ற வரிகளைக் கையால் மறைத்துக் காட்டினார்.

அவள் குனிந்து படித்தாள். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

"அந்த வாத்தியார் பண்ணின காரியம்! ஆத்துக்காரர் பேரென்னன்னு கேட்டார். திருவல்லிக்கேணிப் பெருமாள் பேர்தான்னேன். உற்சவர் பேரை எழுதிண்டு போயிருக்கார். இவருக்கு வச்சது மூலவர் பேர்!"

விஷயம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தக் கோயிலில் கருவறையில் மீசையோடு நிற்கிற மூலவருக்கு ஒரு பெயர், வீதியில் எழுந்தருளுகிற உற்சவருக்கு வேறொரு பெயர். ஊர் முழுக்கத் தெரிந்தது உற்சவர் பெயர்தான். கோயிலையே அந்தப் பெயரால்தான் சொல்கிறார்கள். என் அப்பா பிள்ளை வேண்டி மூலவரிடம் நேர்ந்துகொண்டு எனக்கு மூலவர் பெயரை வைத்தார். வாத்தியாரிடம் இவள் பெருமாளைச் சொன்னாள். எந்தப் பெருமாள் என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. இப்படியாக, மூலவரைக் கல்யாணம் செய்துகொண்டவள் பட்டியலில் உற்சவரின் மனைவியாக நின்றாள்.

அதிகாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ரெண்டு பேரும் ஒரே பெருமாள்தானேம்மா? தலையை ஆட்டிடுங்களேன்."

"பெருமாளுக்கு எத்தனை பேர் வேணா இருக்கலாம். நேக்கு ஆம்படையான் ஒருத்தர்தான். இன்னொருத்தர் பேரைக் காட்டி ஆமான்னு சொல்லச் சொல்றேளே, நன்னாருக்கா?"

"அப்படி இல்லம்மா, ஓட்டுக்காக..."

"ஓட்டுக்காகத் தலையாட்டறதுக்கு நான் என்ன கட்சிக்காரியா?"

வாசலில் பெண்கள் வரிசையில் சிரிப்பு கிளம்பிற்று. அந்த வரிசையில் முதலாவதாக நின்றவர், கால்வாய்க்கரையில் குடியிருந்துகொண்டு எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை போடுகிற அம்மா. அவர் வாசல்படியைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார்.

"இன்னாய்யா பேரு பேருன்னு கேட்டுகினு கீறீங்க? எம் புருசன் பேர நானுந்தான் சொல்ல மாட்டேன். என்னியும் தொரத்துவியா? எங்க, தொரத்து பாக்கலாம்!"

"நானும் சொல்லமாட்டேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "எம் புருசன் பேர நான் சொல்லுவேன், ஆனா அவன் அதுக்கு லாயக்கில்ல" என்று இன்னொரு குரல். போலீஸ்காரர், "அமைதி, அமைதி" என்று லத்தியால் கதவைத் தட்டினார். யாரும் அமைதியாகவில்லை. அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் பேசினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

"யக்கா, நீ வேற பேஜார் பண்ணாத. சட்டம்னு ஒண்ணு கீதுல்ல?" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"சட்டம் பேசறியா நைனா? காத்தால எங்கையால நாலு இட்லி துன்னுட்டு வந்தியே, அப்ப எம் புருசன் பேர கேட்டியா?"

இந்தக் கூச்சலுக்கு நடுவில் என் மனைவி இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. சைக்கிள் கடைக்காரரைப் பார்த்து, சண்டைக் குரலே இல்லாமல், "ஏம்ப்பா, என்னை நோக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

அவர் பட்டியலைப் பார்த்தார்.

"எங்காத்து வாசல்ல வந்து நின்னுண்டு, மாமி கும்பிட்டுக்கிறேன்னியே, அது யாரை? நான் அந்த ஆத்து மனுஷி இல்லேன்னா என்னண்டை எதுக்கு ஓட்டுக் கேட்டே?"

"அதுக்கு இன்னா மாமி பண்றது? சார்தான் ரெண்டு ஓட்டும் உனுக்குக் கெடையாதுன்னு சொல்ட்டாரே."

"அவர் சொன்னார். நான் சொன்னேனா?"

சைக்கிள் கடைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். மனிதர்கள் மனக்கணக்குப் போடும்போது கண் எப்படிப் போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் தொழிலே அதுதான். அவர் போட்ட கணக்கின் விடை உடனே வந்துவிட்டது.

"மாமிய எனக்குத் தெரியும் சார். நம்ம ஏரியாதான். அச்சுல ஏதோ தப்பு பண்ட்டானுங்க. உட்டுடுங்க சார்."

குமாஸ்தா மட்டும் சும்மா இருப்பாரா? அவரிடமும் அவள் மாட்டேன் என்று சொன்னதில்லையே. பாதி எழுந்து, "எங்களுக்கும் ஆட்சேபம் இல்லை சார். நல்ல குடும்பம்" என்றார்.

அதிகாரி, "ரெண்டு பேரும் சேர்ந்தே ஆட்சேபிக்கறீங்க, சேர்ந்தே வாபஸ் வாங்கறீங்க. அடுத்த தடவை கூட்டணி வச்சுடுங்க" என்று சொல்லிவிட்டு, ஓட்டுச்சீட்டைக் கிழித்துக் கொடுக்கச் சொன்னார். அடிக்கட்டையில் கையெழுத்துப் போட்டாள். விரலில் மை வைத்தார்கள். முத்திரைக் கட்டையை வாங்கிக்கொண்டு அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனாள்.

போனவள் வரவே இல்லை. ஒரு முத்திரை குத்த இவ்வளவு நேரமா? சின்னங்கள் நிறைய, சீட்டு போர்வை மாதிரி நீளம் என்பது உண்மைதான். ஆனால் எந்தச் சின்னம் என்று நான் வீட்டிலேயே சொல்லி, எந்த வரிசையில் இருக்கும் என்றும் சொல்லி அனுப்பியிருந்தேன். இரண்டு ஏஜெண்டுகளும் அட்டைத் தடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பேர், ஒரு அட்டை. வெளியே வந்து, நன்றாக மடித்த சீட்டைப் பெட்டிக்குள் போட்டாள். இட்லிக் கடை அம்மா அவளைப் பார்த்து, "சூப்பர் மாமி" என்றார்.

நானும் போட்டுவிட்டு வெளியே வந்தேன். மாடவீதிப் பக்கம் வெயில் ஏறியிருந்தது. சுற்றி வளைத்துக் கேட்க எனக்கு வராது.

"நம்ம ஆளுக்குத்தானே போட்டே?"

"பேரையே சொல்லாதவ இதைச் சொல்லுவேனா?"

"நான் யாரிடமும் சொல்லமாட்டேன். கணக்குக்காகக் கேட்கிறேன்."

"உங்க கணக்குல ஒண்ணு எழுதிக்கோங்கோ. என்னோடது என் கணக்கு."

எனக்குக் கோபம் வந்தது. மனு எழுதினது நான். மேஜை மேஜையாக நின்றது நான். அவள் ஓட்டை மீட்டுக்கொண்டு வந்ததே நான். அதைச் சொல்லவும் சொன்னேன். அவள் நின்று, "ஆமா, நீங்கதான் மீட்டேள். அதுக்காக அது உங்களோடதா ஆயிடுமா?" என்று கேட்டுவிட்டு நடந்தாள். நான் பின்னாலேயே, அவள் எடுத்து வைத்த அடிகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

எங்கள் சுயேச்சை தோற்றார். டெபாசிட் தொகையும் போயிற்று. சைக்கிள் கடைக்காரர் அதற்குப் பின் என்னைக் கண்டால், "மாமி நம்ம பக்கம் சார், உங்களுக்குத் தெரியாது" என்று கண்ணைச் சிமிட்டுவார். குமாஸ்தாவும் தபாலாபீஸில் பார்த்தபோது அதையே வேறு வார்த்தைகளில் சொன்னார். ஒரு ஓட்டை மூன்று பேர் வரவு வைத்திருக்கிறோம். தணிக்கையில் இப்படி ஒன்றைப் பார்த்திருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

பட்டியலில் பிழையை அப்படியே விட எனக்கு மனமில்லை. திருத்தம் கேட்கிற படிவத்தை வாங்கி வந்து, என் பெயரைச் சரியான எழுத்துகளில் நிரப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்து அவளிடம் நீட்டினேன். கையெழுத்து அவளுடையதாக இருக்க வேண்டும், சட்டம் அப்படி. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நான் எதுக்குப் போடணும்? நான் சொன்னது சரி. கேட்டுண்டவர் தப்பா எழுதினார். தப்பு பண்ணினவா திருத்தட்டும்."

"அவர்கள் திருத்தமாட்டார்கள். அடுத்த தேர்தலில் உன்னை மறுபடியும் நிறுத்துவார்கள்."

"நிறுத்தட்டும்."

"மறுபடியும் பேரைக் கேட்பார்கள்."

"கேக்கட்டுமே."

படிவம் கையெழுத்தில்லாமல் மேஜையிலேயே கிடந்தது. நான் அதைப் பற்றி நினைவுபடுத்திக்கொண்டே இருந்தேன், அவள் கீரையையோ பூவையோ எடுத்துக்கொண்டு உட்கார்ந்துகொண்டே இருந்தாள். டெல்லியில் அந்த ஆட்சி நிலைக்கவில்லை. மறுபடியும் தேர்தல் வந்தது, மறுபடியும் கொடிகள். ஓட்டுப் பதிவன்று நான் இரண்டாவது காப்பியை முடிக்கவில்லை, அவள் புடவை மாற்றிக்கொண்டு, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் நின்றாள்.

"எழுந்திருங்கோன்னா. கூட்டம் சேர்றதுக்குள்ள போயிடணும். இந்தத் தடவை யார் கேக்கறான்னு பாக்கறேன்."